கம்பவுண்டர் முதல் மருந்தாளுநர் வரை

1929 டிசம்பர் 12-ஆம் நாளிட்ட ‘யங் இந்தியா’ இதழில், கத்தியவாரைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட சமுதாய ஆசிரியர் ஒருவரின் கடிதம் வெளியாயிற்று. மகப்பேற்றை அடுத்து அவர்தம் மனைவியார் நோயுற்றார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், வெளியே கொணரப்பட்ட நோயாளியையும் தொடவில்லை. உடல்வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். கருவி அதே வழியில் திரும்பிற்று. நிமோனியா என்று கூறிச் சென்ற மருத்துவர் மருந்து அனுப்பினார், அம்மையார் பிழைக்கவில்லை. இக்கடிதத்தை டாக்டர் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எடுத்தாண்டுள்ளார்.

மருந்து எவர் கைவழியே வருகிறது என்பது, ஆதலின், நமக்கு வெறும் தொழிற்கேள்வியன்று. அந்நாளில் அக்கை பெரும்பாலும் கம்பவுண்டருடையது. மருத்துவரிடமோ கடையிலோ உடனிருந்து கலவை செய்யப் பழகியவரே பலர். தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாத ஊரில், மருந்துக் குப்பியைத் தொட நம்மவரை எவர் விடுவர்?

1930-இல் அமைந்த கர்னல் சோப்ரா குழு, முறையான மருந்தாளுநர் கல்வியின் தேவையை எடுத்துரைத்தது. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் முயற்சியால் அக்கல்வி தொடங்கிற்று; 1937-இல் பட்டப்படிப்பும் வந்தது.

1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டமே திருப்புமுனை. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அச்சட்டத்தின்படி எழுந்த முதற் பதிவேட்டில், பட்டமோ பட்டயமோ இல்லாதவரும் ஐந்தாண்டுகள் மருந்து கலக்கியிருந்தால் இடம்பெறலாம். கடையும் அனுபவமும் உடையோர்க்கு அது பேருதவி. நமக்குக் கடையேது? படித்துத் தேறிப் பதிவு பெறும் வழியே நம் வழியாயிற்று. அவ்வழியில் நடக்க, 1944-இல் ஏற்பட்ட மெட்ரிகுலேசனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும், 1951-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 15(4) உட்பிரிவும் துணைநின்றன.

இன்று பட்டயம் இரண்டாண்டுப் படிப்பு. அதன்பின் 500 மணிநேர நடைமுறைப் பயிற்சி. பட்டத்திற்கு நான்காண்டுகள். 2008-இல் ஆறாண்டு ‘பார்ம்.டி’ வந்தது. விரைவில் ஊதியம் வேண்டுமென்று நம் பெற்றோர் பட்டயத்தையே நாடுகின்றனர், அதில் குறையில்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்திற்கு அது வழிவிடும். ஆனால் மருந்து ஆய்வாளர் பணிக்குப் பட்டயம் மட்டும் போதாது. மருந்துத் தொழிற்சாலையின் உற்பத்தி, தரப் பரிசோதனைப் பிரிவுகளில் உயரவும், ஆராய்ச்சியில் இறங்கவும் பட்டமே ஏற்றது. வேலையில் சேர்ந்தபின் பட்டம் பெறுவோம் என்போர் குடும்பச் சுமையால் அதனைக் கைவிடுதலையே மிகுதியும் காண்கிறோம்.

பிறிதொன்றும் சொல்லியாக வேண்டும். நம் இளைஞர் சிலர் பதிவுச் சான்றிதழை மாத வாடகைக்குக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வேறு கூலி வேலைக்குச் செல்கின்றனர். சுவரில் தொங்குவது நம் பிள்ளையின் பெயர். மருந்து கொடுப்பது பயிலாத வேறொருவர் கை. இது சட்டத்திற்கு மாறானது, நோயாளிக்கும் கேடு. தாமே கடை நடத்தும் மருந்தாளுநர் தகுதிக்கென வேறொருவரை அமர்த்த வேண்டியதில்லை. முதலுக்கு வழியில்லாதோர் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் தொழிற்கடன், மானியம் பற்றி விசாரிக்கலாம்.