மகாராணியின் மகனுக்கும் மூட்டுவலி

புனேயில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் சேர்ந்து வருஷா வருஷம் பக்கத்து மைதானத்தில் பொங்கல் வைப்போம். ஒரு வருஷம் அம்மாவுக்குக் கடுமையான மூட்டுவலி. மைதானம் 400 மீட்டர்தான், ஆனால் லிஃப்ட் வரை வருவதே பெரும்பாடு. "பாப்பா கும்மியடிக்கறத இங்கேருந்தே பாக்க வழியில்லையாடா?" என்று கேட்டாள்.

கூட்டம் சேர்ந்தால் அங்கே செல்போன் டேட்டா படுத்துவிடும். அதனால் மேடைக்குப் பின்னால் ஒரு கம்பத்திலும் எங்கள் மொட்டைமாடியிலும் சின்ன டிஷ் ஆன்டெனா கட்டி, நேருக்கு நேர் திருப்பி வைத்தோம். ஒருநாள் கூத்துக்குக் கம்பியில்லா இணைப்பு!

இது ஏதோ புதுசு என்று நினைக்காதீர்கள். கம்பியில்லாத் தந்தி தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே செய்த வேலை இது.

1898 ஜூலை. அயர்லாந்தில், இன்று டன் லீரி எனப்படும் கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் பாய்மரப் படகுப் போட்டி. படகுகள் கடலுக்குள் போய்விட்டால் கரையில் நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. டப்ளினின் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை 24 வயது மார்க்கோனியை அழைத்தது. 'ஃப்ளையிங் ஹன்ட்ரஸ்' என்ற கப்பலின் பாய்மரத்தில் ஒரு கம்பி, கரையில் உயரமான கம்பத்தில் இன்னொன்று. கப்பலிலிருந்து மோர்ஸ் குறிகள் வர வர, கரையிலிருந்து தொலைபேசியில் டப்ளினுக்குச் சொன்னார்கள். சுமார் 700 செய்திகள். படகுகள் கரை திரும்பும் முன்பே செய்தி அச்சேறியது.

அடுத்த மாதமே அரண்மனை அழைப்பு. வேல்ஸ் இளவரசர் முழங்காலில் அடிபட்டு, ஒயிட் தீவுக்கருகே அரசக் கப்பலில் இருந்தார். தாய் விக்டோரியா மகாராணி கரையில் ஆஸ்போர்ன் மாளிகையில். நடுவே மேடு, கப்பல் கண்ணுக்குத் தெரியாது. 16 நாளில் சுமார் 150 செய்திகள் போய்வந்தன. மகன் கால் எப்படியிருக்கிறது என்பதும் அதில் அடக்கம். மகாராணியானாலும் அம்மா அம்மாதானே!

மார்க்கோனியின் நீண்ட அலைகள் மேட்டைத் தாண்டின. நாம் வைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது. 400 மீட்டர் இணைப்பென்றால் நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்கு மேல் மரம், தகரம் எதுவும் குறுக்கிடாமல் இருப்பது நல்லது. அதைப் பார்த்துத்தான் கட்டினோம். காலையில் படம் பளிச்சென்று வந்தது.

மாலை நாலு மணிக்குப் படம் உறைந்தது. கும்மிக்கு இன்னும் இருபது நிமிஷம்.

அப்போது நினைவுக்கு வந்தது 1901. நியூயார்க்கில் அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டி. இம்முறை மார்க்கோனியின் ஆட்கள், டி ஃபாரஸ்டின் ஆட்கள், மூன்றாவதாக இன்னொரு கம்பெனி. அலைவரிசையைப் பிரித்து அனுப்பும் நுட்பம் பக்குவப்படாத நேரம். எல்லோரும் ஒரே சமயத்தில் அனுப்ப, ஒருவர் செய்தியை இன்னொருவர் கெடுத்தார்கள். மார்க்கோனிக்கே அந்தக் கதி!

இந்தியாவில் 2018 முதல் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு வெளியிடங்களிலும் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் யாராவது குறுக்கிட்டால் புகார் சொல்லவும் இடமில்லை. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த மைதானத்தில் கிரிக்கெட் போட்டி. ஓடினேன். அவர்களும் டிஷ் கட்டியிருந்தார்கள், அதே சேனல்! என் அரைகுறை மராத்தியில் அம்மாவின் மூட்டுவலி வரைக்கும் சொன்னேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே கீழ்ச் சேனலுக்கு மாறினான், நாங்கள் மேலே போனோம். 1901இல் அவர்கள் செய்யத் தவறியது அவ்வளவுதான்.

கும்மி பாதியில் போன் வந்தது.

"நல்லா தெரியுதுடா. பாப்பாதான் தாளம் தப்பறா."