தயற்றங்களின் கலப்பிரிவு: ஒரு வரலாற்று நோக்கு

கடல்நீரில் மிதந்து வாழும் ஒருகல உயிரிகளுள் தயற்றங்கள் பெருந்தொகையானவை. அவற்றின் கலத்தைச் சிலிக்காவாலான இரு ஓடுகள் மூடியுள்ளன. ஒன்று பெட்டியின் அடிபோலவும், மற்றையது அதன்மேற் பொருந்தும் மூடிபோலவும் அமைந்திருக்கும். கலம் இரண்டாகப் பிரியுங்கால் மகட்கலம் ஒவ்வொன்றும் பழைய ஓடுகளுள் ஒன்றைப் பெற்று, அதனுள் அடங்கும் அளவிற் புதியதொன்றை ஆக்கிக்கொள்கிறது. மூடியைப் பெற்ற கலம் தாயின் அளவினதாக இருக்க, அடியைப் பெற்றது சற்றே குறுகிவிடுகிறது.

இதனை 1869 ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே எடுத்துக்காட்டினர். ஒருவர் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஜோன் டெனிஸ் மக்டொனால்ட். மற்றவர் ஜேர்மனியத் தாவரவியலாளர் ஏர்ணஸ்ட் பிவிற்சர். இவ்விதி இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. (எல்லாத் தயற்றங்களும் இதற்கு அடங்குவனவல்ல, அளவு குன்றாமற் பிரியும் இனங்களும் உள.) தலைமுறைதோறும் குறுகிவரும் இனம் அழியாதிருப்பது எங்ஙனம்? குறித்த ஓர் அளவுக்குக் குறுகிய கலங்கள், பெரும்பாலும் பாலியல் இணைவின் பின்னர், பழைய ஓடுகளை நீத்துப் பருத்து, பேரளவான புதிய ஓடுகளை ஆக்குகின்றன. இப்பருவத்திற்கு ஒக்சோஸ்போர் எனப் பெயரிட்டவர் பிவிற்சரே.

ஆயின், இவ்விடையின் ஒரு கூறு வினா எழுமுன்னரே கிடைத்திருந்தது. 1838 இல் வெளிவந்த தமது பெருநூலில் ஏரன்பேர்க் தயற்றங்களை விலங்குகளாகவே கொண்டார். இந்நிலையில், 1847 இல் பிறிஸ்டல் நகரிலிருந்த துவெயிற்ஸ் என்பார், இரு தயற்றங்கள் இணைவதை நுணுக்குக்காட்டியிற் கண்டு வெளியிட்டார். அவ்விணைவு பச்சை அல்காக்கள் சிலவற்றின் இணைவை ஒத்திருந்தமையால், தயற்றங்கள் தாவரங்களைச் சார்ந்தவை என்னும் கருத்து வலுப்பெற்றது. இணைவின் வழித் தோன்றிய கலங்கள் பெற்றவற்றிலும் பெரியன என்பதும் அப்போதே புலப்பட்டது. அப்பெருமையின் காரணத்தை அவர் அறிந்திலர் எனக் குறைகூறுதல் பொருந்தாது. பிரிவினாற் கலம் சிறுக்கிறது என்பது தெரியாதவிடத்து, இணைவினால் அது பெருப்பது வெறும் விந்தையாகவே தோன்றும்.

துவெயிற்ஸ் அவ்வாய்வைத் தொடரவில்லை. 1849 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்று இலங்கை வந்தார். 1858 முதல் 1864 வரை வெளியான இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலே இங்கு அவர் பெயரை நிலைநிறுத்தியது. மக்டொனால்டும் பிவிற்சரும் தம் முடிபுகளை வெளியிட்ட 1869 இல் அவர் பேராதனையிலேயே பணியாற்றிக்கொண்டிருந்தார்.