புறவட்டு வழிக் கோப்புப் பரிமாற்றம்

வெளி வன்தட்டு, பென்டிரைவ் முதலியவற்றில் கோப்புகளை ஏற்றி வேறொரு இயங்குதளக் கணினிக்குக் கொண்டுசெல்லும் முறை. வட்டின் கோப்பு முறைமையை இருபக்கக் கணினிகளும் அறிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத் தீவுகளுக்கு வட்டைக் கொண்டுசெல்வோருக்கு இது முக்கியம்: ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானில் படகேற வேண்டும். வட்டு அங்கே திறக்காவிட்டால் திரும்பிவருவது எளிதன்று; ஆகவே அதைப் புறப்படுமுன் சோதிப்பதே புத்தி. முறைமையை மாற்ற மறுவடிவமைத்தால் உள்ளிருப்பவை அழியும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் வாசிக்கும். கூடுதல் மென்பொருளின்றி அதில் எழுதாது. ஃபேட்32 ஏறக்குறைய எங்கும் இயங்கினாலும் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. நயினாதீவு நாகபூசணி அம்மன் தேர்த்திருவிழாவை முழுநீளமாகப் பதிந்த காணொளி இதை எளிதில் மீறும். இரு பக்கத்துக்கும் பொதுவாக ஏற்றது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட இதனை லினக்ஸ் கருவகம் 2019இல், 5.4ஆம் பதிப்பில், ஏற்றது. மாற்றப் பதிவேடு இதில் இல்லாததால், எழுதும்போது வட்டைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையலாம்.

தமிழ்ப் பெயர்களின் சிக்கலைக் கையேடுகள் அரிதாகவே பேசுகின்றன. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், ஒகர, ஓகாரக் குறிகளைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். ‘நெடுந்தீவுக் கோட்டை’ என்ற கோப்பு லினக்ஸில் கண்ணுக்கு அதேபோலத் தெரிந்தும் தேடலில் அகப்படாமற் போகலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4இல் பெயரெல்லை 255 பைட். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் உயிர்க்குறியும் தனிக்குறியீடுகளாதலால் ‘கோட்டை’க்கே 18 பைட். எக்ஸ்ஃபேட்டின் எல்லையோ 255 யுடிஎஃப்-16 அலகுகள். அங்கே இடங்கொண்ட நீண்ட தமிழ்ப் பெயர் எக்ஸ்ட்4இல் பிழைகாட்டி நிற்கும்; பெயரைச் சுருக்கினால் நகலாகும்.