மலையேறி வந்த பழைய கருவிகள்

கோடைக்கானல் வான் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சூரியனைப் படமெடுத்துவந்த ஆறங்குலத் தொலைநோக்கி, அந்த ஆய்வகத்தைவிட அரை நூற்றாண்டு மூத்தது. பாரிஸில் லெரபூர், செக்ரெத்தான் என்ற இருவரின் பட்டறையில் உருவாகி, 1850இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. 1898இல் கிரப் நிறுவனம் அதைத் திருத்தியமைத்தது. இரவில் விண்மீன் பார்த்துவந்த கருவி, பகலில் சூரியனை 20 சென்டிமீட்டர் அகலப் படமாகப் பதிக்கும் கருவியாக மாறி மலையேறியது. 1983 வாக்கில் இதே ஊருக்கு இன்னொரு பழைய பொருள் வந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை அது. முதலாவது, உலகில் மிகச் சில இடங்களிலேயே இருக்கிற ஒரு நூற்றாண்டுச் சூரியப் பதிவைக் கொடுத்தது. இரண்டாவது, மண்ணில் பாதரசத்தை விட்டுச்சென்றது. இரண்டும் பிறர் கையில் உழைத்துவிட்டு வந்தவை. அப்படியானால் வேறுபாடு எங்கே? கருவியின் உள்ளே என்ன இருக்கிறது, அது என்ன செய்யும் என்ற அறிவு கருவியோடு சேர்ந்து கைமாறியதா, வாங்கியவர் அதைத் திறந்து பார்க்க முடிந்ததா என்பதில்தான் என்று நான் கருதுகிறேன்.

ஆய்வகம் இங்கே வந்த கதை தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசை அரித்தது. சூரியனை விடாமல் கவனிக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, வானம் தெளிவாக இருந்த கோடைக்கானலைத் தேர்ந்தவர் மிச்சி ஸ்மித். 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார், 1899 முதல் ஆய்வகம் இயங்கத் தொடங்கியது. அன்று கோடைக்கானலுக்கு வண்டிச் சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில், கூலியாட்களின் தோளிலும் பொதிமாடுகளின் முதுகிலும்தான் ஊருக்கு வேண்டியதெல்லாம் ஏறின. ஏற்றுகிற ஒவ்வொரு ராத்தலுக்கும் கூலி உண்டு என்பதால், எது தேவை, எது வேண்டாம் என்று கணக்குப் பார்த்தே ஏற்றியிருப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது மிச்சி ஸ்மித்தின் இடம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர், 1891இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவர் போக்சன் இறந்த பிறகு அதன் பொறுப்பை ஏற்றவர். ஆக, கருவியைக் கொடுத்த இடத்துக்கும் வாங்கிய இடத்துக்கும் அவரே தலைவர். அந்தத் தொலைநோக்கியின் பழக்கவழக்கங்கள், அதன் பழுதுகள், அதைக் கையாண்டவர்கள் எழுதிவைத்த பதிவேடுகள் எதுவும் வழியில் தொலைந்துபோக வேண்டிய அவசியமே எழவில்லை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம் ஒன்றும் அப்படித்தான் நுங்கம்பாக்கத்திலிருந்து மலைக்கு வந்து, தொடர்ந்து நேரம் காட்டியது.

1907இல் வந்துசேர்ந்த ஜான் எவர்ஷெட் இந்த மரபை இன்னும் ஆழப்படுத்தினார். அவர் கல்லூரியில் வானியல் படித்தவர் அல்லர், தன் வீட்டிலேயே கருவி செய்து சூரியனைப் பார்த்து வளர்ந்தவர். இங்கிலாந்தில் அவர் பயன்படுத்திய 18 அங்குலத் தொலைநோக்கியே, 1894இல் இறந்த நண்பர் ரானியார்ட் உயில் மூலம் விட்டுச்சென்றதுதான். பிறர் கருவியைப் பிரித்துப் புரிந்துகொள்வது அவருக்குப் பழகிய வேலை. கோடைக்கானலில் தானே கோத்தமைத்த நிறமாலைக் கருவியைக் கொண்டு, 1909 ஜனவரியில், கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டார். இன்றும் உலகம் முழுவதும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த சூரியப் படக்கருவி கால்சியத்தின் ஒளியில் மட்டுமே படமெடுத்தது. எவர்ஷெட் அதைத் தூக்கியெறியவில்லை. 1911இல் அதோடு தன் கையால் செய்த இன்னொரு கருவியை இணைத்து, ஹைட்ரஜன் ஒளியிலும் சூரியனைப் பிடித்தார். அப்படிப் படம் பதிந்த கண்ணாடித் தகடுகள்தான் இப்போது டிஜிட்டல் வடிவம் பெற்று, கடந்த நூறாண்டின் சூரியச் சுழற்சிகளை அளக்க உதவுகின்றன.

எதிர்வாதம் ஒன்று இங்கேயே எழும். அது அரசு நிறுவனம், அங்கே படித்த விஞ்ஞானிகள் இருந்தார்கள், பழைய கருவி பிழைத்ததில் என்ன வியப்பு என்று கேட்கலாம். அதே ஆய்வகத்துக்குப் புனேவிலிருந்து வந்த பாவ்நகர் தொலைநோக்கி இதற்கு விடை சொல்லும். பாவ்நகர் மகாராஜா தக்தசிங்ஜியின் கொடையால், காவஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா புனேவில் அமைத்த ஆய்வகத்தின் 20 அங்குலக் கருவி அது, ஒரு காலத்தில் இந்தியாவிலேயே பெரியது. நேகம்வாலா 1912இல் ஓய்வு பெற்றதும் ஆய்வகம் மூடப்பட்டு, கருவிகள் கோடைக்கானலுக்கு அனுப்பப்பட்டன. அந்தப் பெரிய தொலைநோக்கி அங்கே எழுந்து நின்று வானத்தைப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதே மலை, அதே நிறுவனம், அதே விஞ்ஞானிகள். ஆனால் கருவியை நேசித்துப் பராமரித்த மனிதர் அதனோடு வரவில்லை. வாங்கியவர்களின் வேலையோ சூரியனைச் சுற்றியே இருந்தது. நல்ல கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் ஒரு பழைய கருவிக்குப் போதாது.

தெர்மாமீட்டர் தொழிற்சாலைக்கு வருவோம். செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் வாட்டர்டவுனில் நடத்திய ஆலையின் இயந்திரங்கள் கோடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலேயுள்ள மேட்டில் நிறுவப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் தாய் நிறுவனம் யூனிலீவர் வசமாயிற்று. 1998இல் ஆலையை நடத்திய இந்திய நிறுவனமும் யூனிலீவர் குழுமத்து ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாதரசமும் கண்ணாடியும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வந்தன, செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் திரும்ப அங்கேயே போயின. மலையில் தங்கியது உடைந்ததும் சிந்தியதும் ஆவியானதும்தான். ஆய்வகத்தில் இருந்தவர்கள் தங்கள் கருவியைப் பிரித்துப் பார்த்து மாற்றியமைக்கும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். ஆலையில் வேலை செய்த நூற்றுக்கணக்கான உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்த அதிகாரம் இல்லை. தாங்கள் தொடும் வெள்ளித் துளி அறை வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி மூச்சோடு போகும் என்பது தங்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று முன்னாள் தொழிலாளர்கள் பலர் பிற்பாடு முறையிட்டார்கள். உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் மறுத்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது.

உண்மை வெளியே வந்த இடம் நீதிமன்றம் அல்ல, ஆய்வுக்கூடமும் அல்ல. கோடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு காயலான் கடை. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டியிருந்த உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் அங்கே கிடந்ததை ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிழிந்த சாக்குகளிலிருந்து கண்ணாடி வெளியே சிந்திக் கிடந்தது. அந்தச் சரக்கு அப்படி விற்கப்பட்டது தன் நடைமுறைகளுக்கு மாறானது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது, அதே மாதம் ஆலை மூடப்பட்டது. இதில் காயலான் கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது மிகப் பெரிய அநியாயம். பழையதை வாங்கிப் பிரித்து, பயனுள்ளதை மீட்டு, ஊரைக் குப்பையிலிருந்து காக்கிறவர் அவர். அவரிடம் வந்த மூட்டைமேல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அறிந்தவர்கள் சொல்லாவிட்டால், அதை அறிய அவருக்கு வழியில்லை.

இது பழைய இயந்திரத்தின் கதையே அல்ல, சட்டத்தை நடைமுறைப்படுத்தாததன் கதை என்றும், புத்தம்புது ஆலை வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றும் சிலர் வாதிடலாம். சட்டம் தூங்கியது உண்மை. ஆனால் பழைய ஆலைக்குப் புதிய ஆலையிடம் இல்லாத ஒன்று உண்டு, அதன் கடந்த காலம். அது எந்த ஊரில் ஓடியது, அங்கே எவ்வளவு பாதரசம் சிந்தியது, ஏன் மூடப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பதில் எங்கோ ஒரு கோப்பில் இருந்தே தீரும். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் மக்களை என்ன செய்தது என்று 1950களின் இறுதியிலிருந்தே உலகம் அறியும். இத்தனை தெரிந்திருந்தும், ஊர்க்காரர்கள் கையில் அந்தக் கோப்பு வந்து சேரவில்லை. அதற்காகப் பழையதையே வேண்டாம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. அப்படி ஒதுக்கியிருந்தால் 1850ஆம் ஆண்டுத் தொலைநோக்கி நுங்கம்பாக்கத்திலேயே துருப்பிடித்திருக்கும், நூறாண்டுச் சூரியப் படங்கள் கிடைத்திருக்கமாட்டா.

ஒரு வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருளுக்கும் இந்த வரலாறு பொருந்தும். கையில் பிடித்துத் தூசு உறிஞ்சும் வயர் இல்லாத வாக்குவம் கிளீனரை எடுத்துக்கொள்வோம். 1979இல் பிளாக் அண்ட் டெக்கர் அதைப் பரவலாக்கியது, இன்று பழைய சாமான் கடைகளிலும் அது கிடைக்கிறது. பெரும்பாலும் செத்திருப்பது மோட்டார் அல்ல, செல்கள். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் பழைய வகைக் கருவியில் 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும், முனையில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். அதே எண்ணிக்கையில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களை ஒரே நேரத்தில் புதிதாகப் போட்டு, பழைய சார்ஜரில் அதிக நேரம் விட்டுவிடாமல் கவனித்தால், கருவி இன்னும் பல ஆண்டு உழைக்கும். பழைய சார்ஜரை வைத்துக்கொண்டு லித்தியம் செல் போட்டால் தீப்பிடிக்கலாம். வடிகட்டியைக் கழுவினால், ஐப்பசி கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள் வரும் இந்த ஊரில் அது முழுதாய்க் காய நாளாகும், ஈரத்தோடு மாட்டக்கூடாது. இவையெல்லாம் திறந்து பார்க்கிறவருக்குத் தெரியும். முந்தைய வீட்டில் அது எதை உறிஞ்சியது என்பதைக் கேட்டால்தான் தெரியும். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தை வாக்குவம் கிளீனரால் எடுக்கவே கூடாது. காற்றோட்டம் அதை ஆவியாக்கி வீடு முழுக்கப் பரப்பும், கருவிக்குள்ளும் தங்கிவிடும். விற்கிறவர் அதைச் சொல்லாமல் விற்றால், வாங்குகிறவர் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அந்த நஞ்சு மறுபடி வீட்டுக்குள் வரும்.

கழற்றியெடுத்த காட்மியம் செல்கள் எங்கே போகும் என்பதற்கு மலையில் எளிய விடை இல்லை. இங்கிருந்து ஓடும் பாம்பார் ஆறு கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. கோடைக்கானலில் வீசியெறிந்தது சமவெளியின் தண்ணீருக்குப் போகும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. அப்படித் திரும்பப் பெற வைப்பது நடக்காத காரியம் அல்ல. 2003இல் ஆலையிலிருந்து சுமார் 290 டன் பாதரசக் கழிவு கட்டப்பட்டு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கே அனுப்பப்பட்டது. அத்தனை டன்னை மலையிறக்க முடிந்தது என்றால், ஒரு கைக்கருவியின் செல்களைக் கோடைக்கானலில் பெற்றுக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கீழே அனுப்ப ஒரு சேகரிப்பு மையம் கேட்பது அதிகம் இல்லை. அந்த மையத்தை நடத்தத் தகுதியானவர்கள் மூஞ்சிக்கல் போன்ற இடங்களில் பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள்தான். அவர்களுக்குக் கையுறையும் பயிற்சியும் நியாயமான விலையும், வருகிற ஒவ்வொரு மூட்டையிலும் உள்ளே இருப்பதைச் சொல்லும் ஒரு சீட்டும் கிடைக்க வேண்டும்.