புதைத்த பானையும் தக்காளிச் செடியும்

செடிக்கு ஊற்றும் தண்ணீரில் அளவைவிடச் சீர்தான் முக்கியம் என்பது சொட்டுநீர்க் குழாய் வந்தபின் கண்டறிந்ததல்ல. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூல், மண்பானையை வாய் தரைமட்டத்தில் நிற்கும்படி புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டால் மூடி, சுற்றிலும் முலாம்பழ விதை ஊன்றச் சொல்கிறது. மண் காயும்போது பானைச் சுவர் வழியே நீர் கசியும். ஈரம் போதுமானதும் கசிவு குறையும்.

தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கான சிக்கன வித்தைதானே, மோட்டார் உள்ள வீட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். அதற்குத் தக்காளியே பதில் சொல்கிறது. ஒருநாள் வெள்ளமும் மூன்றுநாள் காய்ச்சலுமாக விட்டால், நீரோடு காய்க்குச் செல்லவேண்டிய சுண்ணாம்புச்சத்து தடைபட்டு அடிப்பாகம் கறுத்து அழுகும். பழுக்கும் நேரத்தில் திடீரென்று நீர் பாய்ந்தால் தோல் வெடிக்கும். தண்ணீர் தாராளமாக இருக்கும் வீட்டிலும் இவை இரண்டும் நேரும். பானையின் நுண்துளைகளில் உப்பு படிந்து அடைக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஏக்கர் கணக்கில் பானை புதைப்பதும் எளிதல்ல. பொறியாளர் சிம்கா பிளாஸின் சொட்டுநீர் முறையைக் கொண்டு 1965இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப்பண்ணையில் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியது. பெரிய வயலுக்கு அந்த வழிதான் பொருந்தும். வீட்டில் நாலைந்து தக்காளிச் செடி வளர்ப்பவருக்குப் பானையே போதும். அடைத்துக்கொண்டால் வேறொன்று மாற்றிக்கொள்ளலாம்.