மூங்கில் குழலும் தேசிய கீதமும்



சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைக் கடைத்தெருவிலிருந்து சிலிகி சாலை வழியே சற்று நடந்தால், கலைப்பள்ளியை ஒட்டிச் சுபிர் சைட் என்பவரின் பெயர் தாங்கிய சாலை ஒன்றைக் காணலாம். தோட்டப் பள்ளியில் பணிபுரியும் நாம், மாணவர்களுடன் அவ்வழியே சென்றோம். சிங்கப்பூரின் தேசிய கீதத்தை இயற்றியவர் இவர் என்று கூறியதும், "எந்தக் கல்லூரியில் இசை படித்தார், ஐயா?" என்று ஒரு சிறுவன் வினவினான். அதற்கு விடையே இன்றைய உரை.

சுபிர் சைட் 1907ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், மேற்குச் சுமத்ராவில் இன்று புக்கிட்டிங்கி எனப்படும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளித் தோழன் ஒருவன் சொல்லித்தர, மூங்கிலில் குழல் செய்து ஊதப் பழகினார். இசைத்தொழில் சமயத்திற்கு ஒவ்வாதது எனத் தந்தை தடுத்தார். ஆயினும் 1928இல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

இங்கே அவருக்குக் கல்லூரியாக அமைந்தது பங்சாவான் நாடக மேடை. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பின்பற்றி வளர்ந்த மலாய் நாடகம் அது. மலாய், இந்திய, அரபு, சீன, மேல்நாட்டு மெட்டுகள் யாவும் அம்மேடையில் ஒலித்தன. சிட்டி ஆப்பரா என்னும் குழுவில் சேர்ந்த அவர், மேல்நாட்டு இசைக்குறியீட்டையும் கற்றுக்கொண்டு, பின்னர் அக்குழுவிற்கே தலைவரானார்.

போருக்குப்பின் திரைப்படம் அவரை அழைத்தது. 1949இல் ஷா சகோதரர்களிடமும், 1952 முதல் கேத்தே கெரிஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். அந்நாளில் பி. எஸ். ராஜான்ஸ், பி. என். ராவ் போன்ற இந்திய இயக்குநர்களே மலாய்ப் படங்கள் பலவற்றை உருவாக்கினர். இந்திய மெட்டுகளும் அவற்றில் மலிந்திருந்தன. பல இசைகளையும் கேட்டு வளர்ந்த சுபிர் சைட், மலாய் மண்ணின் மணம் கமழும் பாடல்களைத் தர முயன்றார்.

1958இல், புதுப்பிக்கப்பட்ட விக்டோரியா அரங்கின் திறப்புவிழாவுக்கென ஒரு பாடல் அமைத்துத் தருமாறு நகரசபை அவரைக் கேட்டது. 'மஜுலா சிங்கப்பூரா' பிறந்தது. 'முன்னேறட்டும் சிங்கப்பூர்' என்பது அதன் பொருள். மறு ஆண்டு தன்னாட்சி பெற்றபோது, துணைப் பிரதமர் தோ சின் சாய் நாட்டின் சின்னங்களை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். பல இனத்தாரும் பாடத்தக்க எளிய மலாயில் அமைந்த அப்பாடலே தேர்வாயிற்று. சுருக்கித் தருமாறு கேட்டபோது, கவிஞரும் இசைஞருமான அவர் தம் படைப்பைத் தாமே திருத்தினார். 1959 டிசம்பர் 3ஆம் நாள் நகர மண்டபத்தில் அது முழங்கியது. 1965இல் விடுதலை பெற்ற குடியரசின் தேசிய கீதமாயிற்று. 1987இல் அவர் மறைந்தார். 2001இல் எல்லாரும் எளிதாகப் பாடும்படி அதன் சுருதி சற்றுத் தாழ்த்தப்பட்டது.

அச்சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "தம்பி, அவர் இசைக் கல்லூரிக்குச் சென்றவரல்லர். அடுத்தவர் பாட்டையும் காதுகொடுத்துக் கேட்டவர்."

பியானோ இல்லாத பள்ளிகள் நம்மிடையே உண்டு. மூங்கில் இல்லாத ஊர் உண்டா? பாட்டு சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக. பிள்ளைகளும், தாம் பாடும் தேசிய கீதத்தைப் பொருளறிந்து பாடுவார்களாக.