வாடகையில்லாத பெஞ்சு

கோயிலில் உட்காரக் காசு கேட்பாங்கன்னு சொன்னால் நம்ம ஆட்கள் சிரிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பல சர்ச்சுகளில் அதுதான் வழக்கம். குடும்பம் குடும்பமாகப் பெஞ்சை விலைக்கு வாங்குவார்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுப்பார்கள். பணக்காரனுக்கு நல்ல இடம். கறுப்பருக்கு மேலே மாடியில் ஓர் ஓரம். (தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பூசை கண்ட தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

பாஸ்டன் நகரத்துச் சார்லஸ் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் திமோத்தி கில்பர்ட் என்றொரு வெள்ளையர் இருந்தார். பியானோ செய்து விற்பவர். 1830களில் கறுப்பர் சிலரைக் கூட்டிவந்து தன் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் பெஞ்சு, அவர் காசு. ஆனாலும் சபை அவரை வெளியே தள்ளியது. அவரும் கூட்டாளிகளும் 1839இல் தனிச்சபை தொடங்கினார்கள். வாடகை கிடையாது, எந்த நிறத்தவரும் எங்கேயும் உட்காரலாம். 1843இல் டிரெமான்ட் தெருவில் ஒரு நாடகக் கொட்டகையை வாங்கிக் கோயிலாக்கினார்கள். அதுதான் டிரெமான்ட் டெம்பிள்.

பெஞ்சு இலவசம் என்றால் செலவுக்கு எங்கே போவது? மண்டபத்தைக் கச்சேரிக்கும் சொற்பொழிவுக்கும் வாடகைக்கு விட்டார்கள். 1850 செப்டம்பரில் சுவீடன் பாடகி ஜென்னி லிண்ட் அங்கே பாடினார். டிக்கெட்டை ஏலம் விட்டார்கள், முதல் டிக்கெட் 625 டாலருக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை யாரும் சும்மா உட்காரலாம் என்ற கூரையின் கீழ் ஒரே ஒரு இருக்கைக்கு அவ்வளவு பணம்! 1867 டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து தன் கதைகளை வாசித்ததும் அங்கேதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டுக் கேட்க வந்தவன் காசில் ஏழைக்கு இடம் கிடைத்தால் நல்லதுதானே.

ஆனால் அடுத்தவர் தரும் இலவச இடத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1860 டிசம்பர் 3 அன்று, தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனின் நினைவாக அடிமை ஒழிப்பாளர்கள் அங்கே கூடினார்கள். ஒரு கும்பல் புகுந்து கூட்டத்தைக் கைப்பற்றியது. மேடையிலிருந்த பிரெடரிக் டக்ளஸைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். ரவுடிகள் மட்டுமல்ல, கோட்டுப் போட்ட கனவான்களும் இதைச் செய்தார்கள் என்று சில நாளில் டக்ளஸே மேடையேறிச் சொன்னார். போலீஸ் மண்டபத்தைக் காலி செய்தது. அன்று இரவு கூட்டம் மறுபடி எங்கே நடந்தது தெரியுமா? ஜாய் தெருவில், கறுப்பர்கள் 1806இல் தாங்களே கட்டிய கோயிலில்.

1863 சனவரி 1. லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடும் நாள். நகரத்தின் மியூசிக் ஹாலில் பெரிய மனிதர்களுக்குப் பீத்தோவன் கச்சேரி, எமர்சனின் கவிதை. டிரெமான்ட் டெம்பிளில் கறுப்பர்களும் தோழர்களும் காலையிலிருந்து தந்திக்காகக் காத்துக்கிடந்தார்கள். எட்டு மணி, ஒன்பது மணி, செய்தியில்லை. பேச்சாளர்களுக்கே பேச்சு வற்றிப்போனது. ராத்திரி வெகுநேரம் கழித்துச் செய்தி வந்ததும் அழுகை, கூச்சல், தொப்பிகள் பறந்தன. ரூ என்ற முதிய கறுப்புப் போதகர் ஒரு விடுதலைப் பாட்டை எடுக்க, மொத்த மண்டபமும் சேர்ந்து பாடியது. டிக்கெட் இல்லாத அந்தக் கச்சேரிதான் என் கணக்கில் அந்த மண்டபத்தின் பெரிய கச்சேரி.

நள்ளிரவு ஆனதும் மண்டபத்தை விட்டாக வேண்டும். யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. போதகர் லியோனார்ட் கிரைம்ஸ் எல்லோரையும் தன் சபைக்கு, பன்னிரண்டாம் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு, அழைத்துப் போனார். தப்பி வந்த அடிமைகள் பலர் உறுப்பினராயிருந்த கோயில் அது. அங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, விடிகிற வரைக்கும் கொண்டாட்டம்.

டிரெமான்ட் டெம்பிள் 1852, 1879, 1893 என மூன்று முறை எரிந்தது. இன்றிருப்பது 1896இல் திறந்த கட்டடம். கில்பர்ட்டை வெளியே தள்ளிய சார்லஸ் தெருக் கோயிலை 1876இல் கறுப்பர்களின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை விலைக்கு வாங்கியது. 1939 வரை அவர்கள் அங்கே உட்கார்ந்து வழிபட்டார்கள்.